ஆசிரியையா, மருத்துவரா?
புதுக்கோட்டையில் ஒரு மாணவி செய்த தேர்வு

ஆண்டுதோறும் கோடையில் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் ஒரே கேள்வி எழுகிறது. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பொன்னமராவதியிலும் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்கிறார்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மாணவருக்கு விடை உடனே வருவதில்லை. மாமா ஒரு பாடத்தைச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் வேறொன்றைச் சொல்கிறார். வேலை கிடைக்கும் படிப்பு எது என்று தந்தை விசாரித்து வருகிறார். பெண்ணாக இருந்தால், "பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் எந்தப் பாடம் கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடு" என்ற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 120 ஆண்டுகளுக்கு முன் இதே புதுக்கோட்டையில் ஒரு பெண் இக்கேள்வியை எதிர்கொண்டார். அவருக்கு முதலில் கல்லூரிக் கதவே திறக்கவில்லை. திறந்த பிறகு, எதைப் படிப்பது என்பதில் வீட்டார் ஒன்று எண்ண, அவர் வேறொன்றை விரும்பினார். அவருடைய பெயர் உங்களுக்குப் புதிதாக இராது. கருவுற்ற தாய்மார்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக வழங்கப்பெறும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் விண்ணப்பத்தில் அப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பதே அப்பெயர். திட்டத்தின் பெயராக அவரை அறிந்த நாம், பாடம் தேர்ந்தெடுக்கும் மாணவியாக அவரை இக்கட்டுரையில் சந்திப்போம்.

தொண்டைமான் சீமையின் கல்லூரி

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14-இல் அமைந்தது. அதற்கு முன் இப்பகுதியின் பெரும்பாகம் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி அரசாக இருந்தது. திருச்சி, தஞ்சை, மதுரை ஆகிய ஆங்கிலேயர் ஆட்சி மாவட்டங்களுக்கு நடுவே சுமார் 1,180 சதுர மைல் பரப்புடன் விளங்கிய இச்சிற்றரசு, 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது.

சிற்றரசாயினும் கல்வியில் அது பின்தங்கிவிடவில்லை. 1878-இல் திவானாகப் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரி நிர்வாகத்தைச் சீர்ப்படுத்தினார். அவர் காலத்தில், 1880-இல், மன்னர் பெயரால் நடந்துவந்த பள்ளி கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. அதுவே மகாராஜா கல்லூரி. இன்று மன்னர் கல்லூரி என்ற பெயரில் அரசு கலைக் கல்லூரியாக நீங்கள் காண்பதும் அதுவே. திருமயத்தில் 1887-இல் பிறந்த சத்தியமூர்த்தியும் இக்கல்லூரியில் பயின்றவர்தாம். பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து, சட்டம் பயின்று, நாடறிந்த பேச்சாளரானார். அந்நாளில் கல்லூரிக்குச் சென்ற இளைஞர்களில் பலரும் விரும்பிய பாதை அது: பட்டம், பின்பு சட்டம் அல்லது அரசாங்க உத்தியோகம். பெண்களுக்கு அப்படிப் பழக்கப்பட்ட பாதை எதுவும் இல்லை.

வீட்டிலேயே ஒரு வகுப்பறை

முத்துலட்சுமி 1886 ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர்; மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்நாளைய சமூகம் கலைகளை வளர்த்த அந்தக் குடும்பங்களின் கலையைச் சுவைத்தது. அக்குடும்பத்துப் பெண்களை மதிப்புடன் நடத்தவில்லை. முத்துலட்சுமியின் வாழ்க்கை முழுவதையும் விளங்கிக்கொள்ள இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சிறுமியாக இருந்தபோது அவர் பள்ளிக்குச் சென்றார். பருவமடைந்த பின் பெண்கள் வெளியே செல்லும் வழக்கம் இல்லாமையால் பள்ளிப் படிப்பு நின்றது. மணம் முடிக்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தை வீட்டிலேயே கற்பித்தார். தனித்தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷன் தேர்வில் முத்துலட்சுமி வெற்றி பெற்றபோது அவருக்கு வயது 16. அது 1902-ஆம் ஆண்டு.

இன்று பத்தாம் வகுப்பில் மாணவியர் மாணவரை விஞ்சித் தேர்ச்சி பெறுவதைச் செய்தித்தாளில் வழக்கமாகப் படிக்கிறோம். அன்று ஒரு பெண் மெட்ரிகுலேஷன் தேறுவது ஊரே பேசும் செய்தி. தேறிய பின் அவர் என்ன செய்வது? அதற்கான ஏற்பாடு எதுவும் ஊரில் இல்லை. பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி புதுக்கோட்டையில் கிடையாது. அரசு மகளிர் கலைக் கல்லூரி அங்கே தோன்றியது 1969-இல்தான். இருந்தது ஒரே கல்லூரி. அதில் இளைஞர்கள் மட்டுமே பயின்றார்கள்.

கல்லூரி வாயிலில்

முத்துலட்சுமி அக்கல்லூரிக்கே விண்ணப்பித்தார். எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்து வந்தது. ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் இளைஞர்களின் கவனம் சிதறும் என்றனர் சிலர். பிள்ளைகளின் பெற்றோர் முணுமுணுத்தனர். அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டிக்காட்டியும் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். மாணவியின் தகுதியைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். மெட்ரிகுலேஷன் சான்று கையில் இருந்தது. பிறப்பு, பாலினம் என்னும் இரண்டுமே பேசப்பட்டன.

முடிவு செய்யவேண்டியவர் மன்னர். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் மறுப்புகளை ஒதுக்கிவிட்டு மாணவியைச் சேர்த்துக்கொள்ளச் செய்தார், உதவித்தொகையும் அளித்தார். இவ்வாறு 1904-இல் அக்கல்லூரியின் முதல் மாணவியானார் முத்துலட்சுமி. மூடிய வண்டியில் அவர் கல்லூரிக்குச் சென்றதாகவும், மாணவர்களிடமிருந்து மறைக்க அவருக்கு முன்னே திரை கட்டப்பட்டிருந்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மாணவரின் விருப்பம், திறமை ஆகியவற்றை மட்டுமே பேசுகிறோம். தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு ஒருவர் வந்து நிற்பதற்கே வேறு சிலரின் முடிவுகள் தேவைப்படுகின்றன. வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த தந்தை இல்லாவிடில் மெட்ரிகுலேஷன் இல்லை. ஆணை பிறப்பித்த மன்னர் இல்லாவிடில் கல்லூரி இல்லை. இவ்விரண்டும் கிட்டாத எத்தனையோ பெண்கள் அதே ஊரில், அதே ஆண்டில் இருந்திருப்பார்கள். அவர்களுள் யார் யார் எதெதற்கு உரியவராயிருந்தனர் என்பதை வரலாறு அறிய வழியில்லை.

உலகெங்கும் இதே தடை

இத்தடை நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்வெல் என்னும் பெண்மணி மருத்துவம் பயில விரும்பிப் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார், எல்லாம் மறுத்தன. 1847-இல் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா மருத்துவக் கல்லூரி, முடிவை மாணவர்களிடமே விட்டது. யாரோ வேடிக்கைக்காக எழுதிய விண்ணப்பம் என்று எண்ணிய மாணவர்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாக்களித்துவிட்டனர். அந்த வேடிக்கையின் பயனாக 1849-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு பெண் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பிரித்தானியத் தீவில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869-இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவருடைய தோழியரும் மருத்துவம் பயிலச் சேர்ந்தனர். 1870-இல் அவர்கள் தேர்வெழுதச் சென்றபோது கூட்டம் வழிமறித்துச் சேற்றை வாரி வீசியது. இறுதியில் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் தர மறுத்தது.

இந்நிலையில் சென்னை ஒரு துணிவான முடிவை எடுத்தது. 1835-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1850-இல் கல்லூரியான சென்னை மருத்துவக் கல்லூரி, 1875-இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த இந்த ஆங்கிலப் பெண்மணி, பேறுகாலத்தில் இந்நாட்டுப் பெண்கள் படும் துன்பத்தைக் கண்டு மருத்துவம் பயில முன்வந்தவர். பின்னர் இலண்டன் சென்று பட்டம் பெற்றுத் திரும்பினார். ஆண் மருத்துவர் முன் வரத் தயங்கும் பெண்களுக்கென 1885-இல் சென்னையில் ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என இன்று வழங்குவது அதுவே. கல்கத்தாவில் இடம் கிடைக்காத வங்காளத்து மாணவி அபலா தாஸ், 1882-இல் சென்னைக்கு வந்தே மருத்துவம் பயிலத் தொடங்கினார். இவரே பின்னாளில் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸின் மனைவியானவர்.

ஆகவே முத்துலட்சுமி கல்லூரியில் சேர்ந்தபோது, சென்னையில் பெண்கள் மருத்துவம் பயிலும் வழி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திறந்தே இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து அந்த வாயில் வரை செல்வதுதான் கடினமாக இருந்தது.

பிரிவுகள் இல்லாத காலம்

இன்று பதினோராம் வகுப்பிலேயே பிரிவைத் தேர்ந்தெடுக்கிறோம். அன்று மெட்ரிகுலேஷனுக்குப் பின் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் எப்.ஏ. வகுப்பு. சென்னைப் பல்கலைக்கழகம் விதித்த அப்பாடத்திட்டத்தில் ஆங்கிலம், மற்றொரு மொழி, கணிதம், உடலியல், வரலாறு எனப் பலவும் கலந்திருந்தன. எல்லாவற்றிலும் தேறினால்தான் மேலே செல்லலாம்.

இம்முறையின் தீமைக்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. முத்துலட்சுமி புதுக்கோட்டையில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்த அதே 1904-இல், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கும்பகோணத்தில் ஓர் இளைஞர் அதே வகுப்பில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தோற்றார். கணிதத்தில் யாவரையும் வியக்கவைத்த அவர், உடலியலில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெற்றார். அவர்தான் சீனிவாச இராமானுஜன். 1913-இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம்தான் உலகத்துக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. 1918-இல் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

ஆனால் இம்முறைக்கு ஒரு நன்மையும் இருந்தது. 16 வயதில் எந்தத் துறையின் கதவும் மூடப்படவில்லை. எப்.ஏ. தேறிய ஒருவர் அதன் பிறகே கலைப் பட்டமா, மருத்துவமா என்று எண்ணிப் பார்க்கலாம். முத்துலட்சுமிக்கு அந்த இடைவெளி பயன்பட்டது.

ஆசிரியையா, மருத்துவரா?

எப்.ஏ. முடிந்ததும் அடுத்த கேள்வி பிறந்தது. மகள் பள்ளி ஆசிரியையாகலாம் என்பது தந்தையின் யோசனை. மகளோ அதனினும் மேலான ஒன்றை நாடினார்.

தந்தையின் யோசனையை நாம் எளிதில் குறை சொல்லிவிட முடியாது. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் பெரிதும் தேவைப்பட்ட காலம் அது. பயிற்சி குறைந்த காலத்தில் முடியும். மதிப்புள்ள பணி, வீட்டுக்கு அருகிலேயே வேலை கிடைக்கவும் கூடும். மகளின் நலம் நாடும் எந்தத் தந்தையும் சொல்லக்கூடியதையே அவர் சொன்னார். ஆசிரியப் பணி தாழ்ந்ததும் அன்று. அவரே நல்லாசிரியராக இருந்ததால்தான் மகள் அந்த நிலைக்கு வந்தார்.

மருத்துவமோ நெடிய படிப்பு. புதுக்கோட்டைக்கு இரயில் பாதை வராத காலம் அது. வண்டியில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்று திருச்சியை அடைந்து, அங்கிருந்து இரயிலேறிச் சென்னைக்குப் போகவேண்டும். அங்கே பல ஆண்டுகள் தங்கிப் படிக்கவேண்டும். பிணத்தை அறுத்து உடற்கூறு பயிலவேண்டும். ஆண்கள் நிறைந்த வகுப்பில் அமரவேண்டும்.

எனினும் மறுபக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள். அந்நாளில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே, ஊர் மருத்துவச்சியின் கையால் நடந்தன. அவர்களிடம் அனுபவம் இருந்தது. ஆனால் கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லை. பேறுகாலத்துக்குப் பின் வரும் காய்ச்சல், தூய்மையற்ற கைகளால் பரவுவது. வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847-இல், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவச் செய்தே அத்தகைய சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். 1867-இல் இங்கிலாந்தின் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவைச் சிகிச்சையில் புண் சீழ்பிடிப்பதைத் தடுத்தார். இந்த அறிவு மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. திரைமறைவில் வாழ்ந்த பெண்ணின் படுக்கை வரை வரவில்லை. அதைக் கொண்டுசேர்க்க ஒரு பெண் மருத்துவரால்தான் இயலும்.

மருத்துவத் துறையும் அப்போது விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. 1895-இல் ராண்ட்கென் எக்ஸ் கதிர்களைக் கண்டார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். 1901-இல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்டார். பென்சிலின் இன்னும் வரவில்லை. அது கண்டறியப்பட்டது 1928-இல். அறிந்தவையும் அறியவேண்டியவையும் சரிசமமாக இருந்த காலத்தில் முத்துலட்சுமி இத்துறையில் நுழைந்தார்.

சென்னையில் ஐந்து ஆண்டுகள்

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் எம்.பி., சி.எம். பட்டம் பெற்றார். படிப்புக் காலத்தில் பல பதக்கங்களும் பரிசுகளும் அவருக்குக் கிடைத்தன. இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். அவருக்கு முன்னரும் பெண்கள் மருத்துவம் பயின்றிருக்கிறார்கள் என்பதை மேலே கண்டோம். அவருடைய பெருமை, முதலாவது என்ற எண்ணில் மட்டும் அடங்கிவிடவில்லை. பெண்ணைக் கல்லூரியிலேயே கண்டிராத ஒரு சீமையிலிருந்து, எதிர்ப்பைத் தாங்கி, எடுத்த படிப்பை முடித்துத் திரும்பியவர் அவர்.

1914-இல் அவர் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற உடன்பாட்டின் பேரிலேயே அத்திருமணத்துக்கு இசைந்தார்.

தேர்வு அத்துடன் முடியவில்லை

ஒரு முறை பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வாழ்க்கையின் போக்கு அத்துடன் முடிவாகிவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை வேறு விதமாக நடந்தது.

1925-இல், மருத்துவராகிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், அவர் மீண்டும் மாணவியானார். பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்பயிற்சி பெற இலண்டன் சென்றார். திரும்பி வந்ததும் 1927-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அம்மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கிலேய இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி இவரே.

மருத்துவத்தை விட்டு அரசியலுக்குச் சென்றாரோ என்று தோன்றலாம். அவர் அங்கே எதைப் பேசினார் என்று பார்த்தால் ஐயம் நீங்கும். குழந்தைத் திருமணம், பெண்களின் உடல்நலம், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஆகியவற்றையே அவர் எடுத்துப் பேசினார். தம் தாயார் பிறந்த குடும்பங்களின் பெண்களை இழிநிலையில் நிறுத்திய வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி, 1947-இல் சென்னை மாகாணச் சட்டமாக நிறைவேறியது. அவருடைய முயற்சியைக் கடுமையாக மறுத்துப் பேசியவர்களுள் ஒருவர், அதே மகாராஜா கல்லூரியில் பயின்ற சத்தியமூர்த்தி. ஒரே கல்லூரியில் கற்றோர் ஒரே கருத்தினராக இருப்பதில்லை என்பதற்கு இதுவும் சான்று. ஆதரவற்ற சிறுமியர்க்காக அம்மையார் 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

மூன்றாவது தேர்வு, துயரத்தில் பிறந்தது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் காலங்கடந்தே கண்டறியப்பட்டது. மருத்துவரின் வீட்டிலேயே இப்படி என்றால் மற்றவர் கதி என்ன? புற்றுநோயைப் பொறுத்தவரை காலமே எல்லாம். கட்டி ஓரிடத்தில் நிற்கும்போது கண்டறிந்தால் அறுவையாலோ கதிர்வீச்சாலோ நீக்க முடிகிறது. அதன் அணுக்கள் இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் வேறு உறுப்புகளுக்குச் சென்று தங்கிவிட்டால் மருத்துவம் மிகக் கடினமாகிறது. அக்காலத்தில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை தென்னிந்தியாவில் கிடையாது. இதற்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை 1935-இல், தாம் பயின்ற மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவர் வெளியிட்டார். கருத்து கட்டடமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22-இல் மறைந்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அந்நிலையத்தை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர்.

1907-இல் எடுத்த முடிவு, இவ்வாறு 1925-இலும் 1927-இலும் 1954-இலும் புதுப்பிக்கப்பட்டது. மகப்பேறு மருத்துவத்தில் தொடங்கியவர் சட்டத்துக்கும் புற்றுநோய்க்கும் சென்றார். ஆயினும் எல்லாம் ஒரே அடித்தளத்தின் மேல் எழுந்தவை. மருத்துவம் கற்றிராவிடில் சட்டமன்றத்தில் அவருடைய சொல்லுக்கு அத்தனை மதிப்பு இருந்திராது.

இன்றைய வாயில்கள்

இப்போது உங்களிடம் வருவோம். இடைப்பட்ட காலத்தில் கல்வி முறை பலமுறை மாறிவிட்டது. எப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. அது போய்ப் புகுமுக வகுப்பு வந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது; 1980-இல் முதல் மேல்நிலைப் பொதுத்தேர்வு நடந்தது. அதுவரை கல்லூரி உள்ள நகரங்களில் மட்டும் கிடைத்த புகுமுகப் படிப்பு, மேல்நிலைப் பள்ளி வடிவில் சிற்றூர்களுக்கு அருகே வந்தது. பெண்களுக்கு இது பெரிய உதவியாயிற்று.

அதே வேளையில், துறையைத் தேர்ந்தெடுக்கும் வயது குறைந்தும்விட்டது. பத்தாம் வகுப்பு முடித்த 15 வயதுச் சிறுவரோ சிறுமியோ பிரிவைச் சொல்லவேண்டும். உயிரியலை விட்டவருக்கு மருத்துவம் எளிதில் எட்டாது. கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் பெரும்பாலும் எட்டாது. இராமானுஜனுக்கு நேர்ந்த தொல்லை நீங்கியது. முத்துலட்சுமிக்குக் கிடைத்த இடைவெளியும் நீங்கியது.

தொழிற்கல்விக்கு 1984-இல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு வந்தது. சிற்றூர் மாணவர்க்கு அது தடையாயிற்று என்ற கருத்து வலுத்து, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடைபெறத் தொடங்கியது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி வண்டியிலும் இரயிலிலும் சென்று தேடிய கல்வி, 110 ஆண்டுகளுக்குப் பின் அவர் பிறந்த ஊருக்கே வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி பெற மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கியது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது. அவரும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவரே.

நீங்கள் கேட்கவேண்டியவை

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு எல்லோரும் மருத்துவராகவேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் இக்கட்டுரை தவறாக எழுதப்பட்டதாகும். இன்று ஒரு மாணவி, "எனக்கு வரலாறு பிடிக்கும், ஆனால் வீட்டில் மருத்துவம் படிக்கச் சொல்கிறார்கள்" என்று சொன்னால், அவருடைய நிலையும் அன்று முத்துலட்சுமி நின்ற நிலையே.

படிவத்தை நிரப்புமுன் சில கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்பவர் என் திறமையைப் பார்த்துச் சொல்கிறாரா, அல்லது "நம்மைப் போன்றவர்களுக்கு இது போதும்" என்று எண்ணிச் சொல்கிறாரா? இப்பாடத்தில் முதல் ஆண்டு என்ன படிக்கிறார்கள் என்று அதைப் படிக்கும் ஒருவரிடம் கேட்டேனா? பெயரைக் கேட்டு மயங்குவதைவிட அந்தப் பாடநூலை ஒரு மாலைப்பொழுது புரட்டிப் பார்ப்பது மேல். நான் கண்ணால் கண்ட எந்தக் குறையை இப்படிப்பைக் கொண்டு தீர்க்க முடியும்? விரும்பிய இடம் கிடைக்காவிடில், அதே துறைக்குச் செல்ல வேறு வழி எது? மருத்துவ இடம் கிடைக்காதவருக்குச் செவிலியம், மருந்தியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவை உண்டு. நோயாளிக்கு உதவ அவற்றில் எதுவும் தடையில்லை.

பெற்றோரிடமும் ஒரு சொல். நாராயணசாமி ஐயர் ஆசிரியப் பணியைத்தான் மகளுக்குச் சொன்னார். மகள் வேறொன்றைக் கேட்டபோது அவர் தடுத்து நிறுத்தியிருக்கலாம். அந்நாளில் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் தடுக்கவில்லை. மகளைச் சென்னைக்கு அனுப்பினார்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நிதியுதவி விண்ணப்பத்தைக் காணும்போது, மேலே அச்சாகியிருக்கும் பெயரை ஒரு கணம் நின்று படியுங்கள். அதற்கு உரியவர், உங்களைப் போலவே இதே மாவட்டத்தில், அடுத்து என்ன படிப்பது என்று எண்ணியபடி ஒரு நாள் நின்றிருந்த மாணவி.